உணர்ச்சி குறைந்த பாதமும் ஊர்த் தீமிதியும்

சர்க்கரை நோய் என்று வாயெடுத்தாலே எங்கள் பக்கத்தில் பேச்சு சோற்றுக்கும் களிக்கும் போய்விடும். எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறோம். பாகற்காய்ச் சாறு, ஊறவைத்த வெந்தயம், ஆவாரம்பூக் கஷாயம் என்று தெருவுக்கொரு வைத்தியமும் உண்டு. இந்த நோயோடு வேலூரில் குடித்தனம் நடத்திக்கொண்டு, நாள் முழுதும் வகுப்பறையில் நின்றே பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியன் என்ற முறையில் நான் எழுத விரும்புவது வாயைப் பற்றியன்று, காலைப் பற்றி. சர்க்கரை நோயாளியின் உடம்பிலேயே வீட்டாரும் விருந்தாளியும் விசாரிக்காத உறுப்பு ஒன்று உண்டென்றால் அது பாதம்தான். வேட்டிக்கும் புடவைக்கும் கீழே தெரிந்தாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை, நோயாளியே பார்ப்பதில்லை.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மிக எளியது. ஒரு பிடியில் பொருத்திய நைலான் இழையை மருத்துவர் பாதத்தின் அடியில் பெருவிரல், விரல்களின் அடிமேடு எனப் பல இடங்களில் செங்குத்தாக வைத்து, இழை வளையும் வரை அழுத்துவார். இழை வளையும்போது தோலின்மீது விழும் விசை 10 கிராம். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் நோயாளி சொல்ல வேண்டும். எனக்கு அந்தச் சோதனை நடந்தபோது மருத்துவர் இன்னும் தொடங்கவில்லை என்றே நான் எண்ணிக் காத்திருந்தேன். அவரோ வலது பாதத்தை முடித்துவிட்டு இடது பாதத்துக்கு வந்திருந்தார். அந்த 10 கிராமை உணராத பாதத்துக்கு, தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு இசைக்கவை ஒன்றைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தார். அந்த அதிர்வும் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

பல ஆண்டுகள் இரத்தத்தில் கூடுதலாக நிற்கும் சர்க்கரை நரம்புகளையும், நரம்புகளுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை செல்பவை. அதனால் கேடு விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணியும் பகுதி முழுவதும் மெல்ல மேலேறுகிறது. இதில் ஒரு விபரீதமும் உண்டு. உணர்ச்சி குறைகிற அதே பாதம், இரவில் படுத்த பிறகு காரணமில்லாமல் எரியும், குத்தும், மதமதக்கும். வெறும் படுக்கையில் நெருப்பு இருப்பதாகச் சொல்லும் கால், உண்மையான நெருப்பின்மேல் வைத்தால் பேசாமல் இருக்கும். எரிச்சலைத் தணிக்க அமிட்ரிப்டிலின், பிரெகாபலின் போன்ற மாத்திரைகள் தருகிறார்கள். அவை எரிச்சலைக் குறைக்குமே தவிர, போன உணர்ச்சியைத் திருப்பித் தாரா. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் கால் மதமதப்பு வரலாம் என்பதால் அதை ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்வது நல்லது. பி12 குறைவால் வந்ததென்றால் அதற்காவது மருந்து இருக்கிறது.

வேலூர்க்காரனுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு என்று நான் நினைப்பதுண்டு. உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பது எப்படி என்று உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் முதன்மையானது இந்த ஊர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல நிலையில் உள்ள தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1948 முதல் இங்கே செய்யத் தொடங்கினார். அவருடைய பெயர் அதற்காகவே பேசப்படுகிறது. அதைவிடப் பெரிது என்று எனக்குத் தோன்றுவது, அவர் வேறொன்றைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டது. தொழுநோயாளியின் கைவிரலும் கால்விரலும் அழுகித் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்தது, ஆணியை மிதித்துக்கொண்டே நடந்தது, தூங்கும்போது எலி விரலைக் கடித்தும் விழிக்காதது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சதை கெட்டதனால் விரல் போகவில்லை. வலி தெரியாததனால் பட்ட அடியின்மேலேயே மறுபடியும் அடிபட்டுப் போனது. இரவில் எலி அண்டாமல் இருக்கப் பூனை வளர்க்கும் ஏற்பாடுகூட அங்கே நடந்திருக்கிறது.

காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த வழியில்தான் வேலை நடந்தது. மருந்தோடு செருப்பும் சிகிச்சையின் பகுதியாயிற்று. மென்மையான, நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர்த் தகட்டில் செய்த செருப்பு, உடம்பின் பாரத்தைப் பாதத்தின் ஒரே இடத்தில் விழவிடாமல் பரப்பிவிடும். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றைக்கு எல்லா ஊர்க் கடைகளிலும் விற்பது இதுதான். 1966-இல் அமெரிக்காவுக்குப் போன பிராண்ட், லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தபோது, இங்கே தொழுநோயாளிகளிடம் கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குப் பொருத்திக் காட்டினார். என் பாதத்தில் வைத்து அழுத்திய நைலான் இழையும் அந்தக் கார்வில் வழியாகப் பாதச் சோதனைக்கு வந்ததுதான். தொழுநோயாளியைத் தெருவில் கண்டால் ஒதுங்கிப்போன ஊரில், சர்க்கரைக்காரர்களாகிய நாங்கள் இன்று காலோடு நடமாடுவது அந்த நோயாளிகளின் காலால் கற்ற பாடத்தினால் என்பதை இந்தச் செருப்பை மாட்டும்போது யாராவது நினைத்தால் நன்று.

ஆகவே என்னுடைய அன்றாடம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதம் பார்ப்பதில் வந்து நிற்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, விளக்குக்கு நேராகக் காலை வைத்து, மேற்புறத்தைக் கண்ணாலும் அடிப்புறத்தை முகம் பார்க்கும் கண்ணாடியாலும் பார்க்கிறேன். விரலிடுக்கில் ஈரமோ வெள்ளையாக ஊறிய தோலோ இருக்கிறதா, குதிகாலில் வெடிப்பு ஆழமாகியிருக்கிறதா, எங்கேனும் சிவப்பு, கொப்புளம், நிறம் மாறிய புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகு, புறங்கையால் இரண்டு பாதங்களையும் தடவி, ஓரிடம் மட்டும் சூடாக இருக்கிறதா என்றும் பார்ப்பேன். புண் வருவதற்கு முன்பே அந்த இடம் சூடாகிவிடும். பிறகு தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன், விரலிடுக்கை விட்டுவிட்டு. நகத்தை நேராக மட்டும் வெட்டுகிறேன்; ஓரத்தை வளைத்துத் தோண்டுவதில்லை. ஆணிக்கால் தட்டுப்பட்டால் பிளேடால் சீவுவதோ கடையில் விற்கும் ஒட்டுத் துணியைப் போடுவதோ கிடையாது. குளிக்க வெந்நீர் விளாவும்போது சூடு பார்ப்பது முழங்கை, கால் அன்று. இவ்வளவும் சேர்ந்தாலும் ஒரு விளம்பர இடைவேளைக்குள் முடிந்துவிடும் வேலைதான். இதைப் பார்க்கும்போதெல்லாம் என் அம்மாவுக்குச் சிரிப்பு. “இன்னாடா, தெனம் ராவுல காலையே பாத்துகினு கீற, அதுல இன்னா எழுதி கீது?” என்பார். அவருக்கும் சர்க்கரை உண்டு, வயது எண்பதை நெருங்குகிறது. குனிய முடியாத அவருடைய காலை என் மனைவி பார்க்கிறாள். அம்மா சிரித்துக்கொண்டேதான் காலை நீட்டுவார், ஆனால் நீட்டத் தவறியதில்லை.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எம்.சி.ஆர். என்று பெயர் போட்டிருந்தால் போதும் என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் வரும் செருப்பு உணர்ச்சியற்ற காலுக்கு ஆகாது. அந்த இடுக்கைத் தேய்த்துப் புண்ணாக்கும், கழன்று விழுந்தாலும் தெரியாது. பின்னால் வார் இல்லாத செருப்பைப் போட்டு நடந்த எங்கள் பள்ளி ஊழியர் ஒருவர், ஒற்றைச் செருப்பை வழியில் விட்டுவிட்டுப் பள்ளிவரை வந்து சேர்ந்திருக்கிறார். பிள்ளைகள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. மெல்லிய ரப்பர் மட்டுமே இருந்தால் வேலிக்காத்தான் முள் அதில் எளிதாக இறங்கிவிடும் என்பதால், அடியில் கெட்டியான ரப்பர் ஒன்றும் சேர்த்து ஒட்டியிருக்க வேண்டும். மாலை நேரத்தில் போய் வாங்குவது நல்லது. அப்போதுதான் கால் சற்று வீங்கி அதன் உண்மையான அளவில் இருக்கும். போடுவதற்கு முன் செருப்பைத் திருப்பித் தட்டிவிட்டு உள்ளே விரலால் தடவிப் பார்ப்பதும் என் வழக்கம். ஒருநாள் மாலை செருப்பின் மேற்பரப்பில் மயிரளவு நீட்டிக்கொண்டிருந்த முள் நுனி விரலில் தட்டுப்பட்டது. கீழ்ப்பக்கம் பார்த்தால் ஒரு அங்குல முள் முழுவதும் உள்ளே போயிருந்தது. எத்தனை நேரம் அதனோடு நடந்தேன் என்று சொல்ல முடியாது. குதிகாலில் கடுகளவு கருப்புப் புள்ளி, இரத்தம்கூட வரவில்லை. இரண்டு வாரம் அதை ஆறவைப்பதற்குப் பட்ட பாடு தனி.

இந்த ஊரின் வெயில் இதற்கெல்லாம் மேல். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வேலூருக்குப் புதிதன்று. நண்பகலில் தார்ச்சாலை, வண்டியின் கால் வைக்கும் தகடு, மொட்டை மாடி என்று சுடாத இடம் கிடையாது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போனாலும், விரிஞ்சிபுரத்துக்குப் போனாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கருங்கல் தளத்தில் இறங்க வேண்டும். கூட வருகிறவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுகிறார்கள். நான் மட்டும் நிதானமாக நடந்து போவேன். அதைக் கண்டு பக்தியின் திடம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இப்போது கோடையில் கோயிலுக்குப் போவதென்றால் காலை ஏழு மணிக்கு முன்பு போய்விடுகிறோம். தவறினால் மாலை விளக்கு வைத்த பிறகு. தென்னை நார்ப் பாய் விரித்திருந்தால் அதன்மேல் மட்டும் நடப்பேன். வெள்ளைப் பருத்திக் காலுறையோடு பிரகாரம் சுற்றுவதை அர்ச்சகர் யாரும் இதுவரை தடுத்ததில்லை. பாட்டிமார்கள் முறைப்பார்கள், அதை நான் பொருட்படுத்துவதில்லை.

வட ஆற்காட்டு ஊர்களில் பிறந்தவனுக்குக் கோயில் என்றால் கல்தளம் மட்டுமா? பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் தெருக்கூத்து. கடைசி நாள் காலையில் களிமண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருக்கும் துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம், அதாவது அவன் வதைக் கூத்து. அன்று மாலை தீமிதி. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் மஞ்சள் ஆடையுடன் குண்டத்தில் இறங்குவார்கள். என் தாய்மாமன் ஆரணிப் பக்கத்து ஊரில் பல ஆண்டுகளாகக் காப்புக் கட்டி வந்தவர். அவருக்கும் சர்க்கரை. ஓர் ஆண்டு குண்டத்திலிருந்து கரையேறி வந்தவர், “காலுக்கு ஒண்ணுமே தெரியல மாப்ள, பூ மேல நடந்தாப்பல இருந்துச்சு” என்றார். எங்கள் பக்கத்தில் தீமிதியைப் பூமிதி என்றும் சொல்வது உண்டு. ஆதலால் கேட்டவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மன் அருள் முழுதாக இறங்கிவிட்டது என்று அத்தை திருநீறு இட்டாள்.

தீமிதியில் பெரும்பாலோருக்குக் கால் வெந்துபோகாமல் இருப்பதற்கு இயற்கையான காரணங்கள் உண்டு. சாம்பல் பூத்த கரித்துண்டு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் கங்கின்மேல் படும் நேரமும் மிகக் குறைவு. விரலிடுக்கில் ஒரு கங்கு ஒட்டிக்கொண்டால் உணர்ச்சியுள்ள கால் அந்த நொடியே உதறிவிடும். மாமாவின் கால் உதறவில்லை. ஐந்தாறு நாள் கழித்து, வீட்டுச் சிமெண்டுத் தரையில் அவர் நடந்த இடமெல்லாம் ஈரப் புள்ளிகள் இருப்பதைக் கண்ட மருமகள்தான், மாமனாரின் காலைத் தூக்கிப் பார்த்தாள். சுண்டு விரலுக்கு அடியில் தோல் பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அன்று காலையிலும் மாடு ஓட்டிக்கொண்டு வயலுக்கும் போய்வந்திருக்கிறார். மருத்துவமனையில் சேர்த்து, புண்ணின் கெட்ட சதையை நீக்கி, பல வாரம் ஊசி போட்டும், சுண்டு விரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. விரல் எடுத்த பிறகும் வலிக்கவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்ட போதுதான் அத்தை அழுதாள்.

நான் அம்மனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கூத்தில் திரௌபதி கூந்தல் முடிக்கும் இரவில் கண்ணீர் விடாமல் நான் எழுந்து வந்ததே இல்லை. தெய்வத்தின் கணக்கில் வரவு வைக்கப்படும் ஒன்று, உண்மையில் நோயின் கணக்கில் பற்று என்று அறியாமல் இருக்கிறோமே என்பதுதான் என் வருத்தம். சுடவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் காலைப் பிடித்துப் பார்க்கவும் ஒருவர் வேண்டும்.

திருவண்ணாமலை கிரிவலத்திலும் இதே சிக்கல். 1989 வரை எங்கள் வட ஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயே இருந்த ஊர், பௌர்ணமிக்குப் பேருந்து பிடித்துப் போவது தலைமுறைப் பழக்கம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், வெறுங்கால். இரவில் தரை சுடாது என்பது உண்மை. ஆனால் கூட்ட நெரிசலில் உடைந்த கண்ணாடியும் ஜல்லியும் கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர் நடையை நிறுத்தச் சொல்லவில்லை, வெறுங்காலை நிறுத்தச் சொன்னார். ஆகவே கூட்டமில்லாத சாதாரண நாளில், விடியற்காலையில், காலுறையும் பின்வார் செருப்பும் போட்டுக்கொண்டு சுற்றுகிறேன். எட்டு லிங்கச் சந்நிதிகளிலும் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, தட்டிப் பார்த்து மாட்டிக்கொள்கிறேன். செருப்புக் காலோடு மலை சுற்றுகிறவன் என்று ஒரு பெரியவர் என் காதுபடச் சொன்னார். அவருக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை, எனக்குச் சர்க்கரை குறைவதற்குள் சிற்றுண்டிக் கடை போய்ச் சேர வேண்டியிருந்தது.

சர்க்கரை குறைவது வேறொரு தொல்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நேரத்துக்குச் சாப்பிடாமல் போனால், இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறும். வேர்த்தால் சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று எல்லாக் கையேடுகளிலும் எழுதியிருக்கிறது. மே மாதத்து வேலூரில் வேர்க்காதவர் யார்? மின்விசிறி நின்ற வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளும் நானும் ஒன்றாக நனைந்திருக்கும்போது, எது வெயில் வேர்வை, எது சர்க்கரை வேர்வை என்று உடம்பை வைத்துத் தீர்மானிக்க முடியாது. கரும்பலகையில் எழுதும் எண்கள் கோணலாவதை முன்வரிசைப் பிள்ளைகள் எனக்கு முன்பே கண்டுவிடுவார்கள். “சார், சர்க்கரை போட்டுக்குங்க சார்” என்று ஒரு பெண்பிள்ளை எழுந்து சொன்னதுண்டு. மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் மாவு இருக்கிறது. அதில் மூன்று தேக்கரண்டி எடுத்து நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து விரலில் குத்தி மறுபடி பார்ப்பேன். கூத்து பார்க்கப் போகும் இரவுகளில் அதே பொட்டலம் சட்டைப் பைக்கு வந்துவிடும், ஏனென்றால் கட்டியங்காரன் வந்து கதை சூடு பிடித்த பிறகு பசியை யார் கவனிக்கிறார்கள்?

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை என்று குறைப்படுவார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கேழ்வரகுக் களி சர்க்கரைக்கு நல்லது என்று எங்கள் ஊரில் வேதவாக்காகச் சொல்வார்கள். அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல் என்பது சரி. அதுவும் மாவுச்சத்துதான், மைய அரைத்த மாவில் கிண்டி இரண்டு உருண்டை விழுங்கினால் அளவு ஏறத்தான் செய்யும். நான் ஒரு சிறு உருண்டையும், தட்டு நிறையக் கீரைக் குழம்பும், இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைக்கும் நாளில் அதுவும் வைத்துக்கொள்கிறேன். ஆம்பூர் பிரியாணியை விட்டுவிடவில்லை, அரைத் தட்டோடு எழுந்துவிடுகிறேன். ஆற்காட்டு மக்கன்பேடா இனிப்பை மட்டும் விட்டுவிட்டேன். அதில் பாதி தின்பது என்பது என்னால் நடவாத காரியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி என்ற, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் இரத்தப் பரிசோதனை, அந்த மூன்று மாதத்துக் கணக்கை எப்படியும் சொல்லிவிடும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருப்பதால், பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

இன்சுலினுக்கும் வெயில் ஆகாது, மின்தடை வந்தால் தொல்லைதான். பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. கிராமத்தில் குளிர்பெட்டி இல்லாத என் பெரியம்மா, அகன்ற மண் சட்டியில் ஈரமணல் பரப்பி, அதற்குள் சிறு பானை வைத்து, குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதில் வைத்திருக்கிறார். மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது அவர் பேரனின் வேலை. குளிர்பெட்டியின் குளிர் அதற்கு வராது, ஆனாலும் கோடையில் அறையின் சூட்டைவிடப் பானைக்குள் நன்றாகக் குறைந்திருக்கும்; நடப்பில் இருக்கும் ஒரு குப்பியைக் காப்பாற்ற அது உதவுகிறது. மாத்திரைகளை அவருக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் பெண் ஊழியர், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போகிறார். போன மாதம் அவரிடம் பெரியம்மா, “காலையும் பாரும்மா, வேலூர்லேருந்து எங்க புள்ள பாக்கச் சொல்லி கீறான்” என்று கட்டளையே இட்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் பொறுமையாகக் குனிந்து பார்த்திருக்கிறார்.

மாமாவின் ஊரில் இந்த ஆண்டு விழாவுக்கு முன்பு கூடிய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தீமிதியை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள், அனுப்புவதும் நியாயம். காப்புக் கட்ட வருகிறவர்களில் சர்க்கரை உள்ளவர் யார் என்று கேட்டு, அவர்கள் காலை முன்கூட்டிச் சோதிக்க வேண்டும். உணர்ச்சி குறைந்தவரின் வேண்டுதலை மகனோ மருமகனோ மிதித்து நிறைவேற்றலாம், அல்லது அவரே கரகம் எடுக்கலாம். மிதித்து வந்த ஒவ்வொருவர் காலையும் பால் ஊற்றிய குழியைத் தாண்டியதும் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். இளைஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். பாரதம் படிக்கிற பெரியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, வேண்டுதலை வாரிசு நிறைவேற்றுவதற்குச் சாத்திரத்தில் தடை இல்லை என்றார். முன்கூட்டிச் சோதிப்பதற்கு மட்டும் ஒப்புதல் கிடைக்கவில்லை, அம்மனிடம் வருகிறவனைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்றார்கள். கால் பார்க்கும் வேலைக்கு ஆள் வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, இரண்டு விரல் இல்லாத தம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமா, “அத நானே பாக்கறேன், எனக்கு ஒரு முக்காலியும் டார்ச் லைட்டும் குடுங்க” என்றார். நாட்டாண்மை அதை விழாச் செலவில் எழுதிக்கொண்டார்.